ஏழு டி.பி. பள்ளம்

தொழிலில் இருப்பவர்கள் அவரை ‘ஆறு டி.பி.’ என்பார்கள். மாஸ்டரிங்குக்கு அனுப்பும் பாட்டில், உச்சச் சத்தத்துக்கு மேலே ஆறு டெசிபல், அதாவது ஆறு டி.பி., காலி இடம் விட்டிருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தொழிலின் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணமான புதிதில் யாரோ வீட்டு போனில் “ஆறு டி.பி. இருக்காரா?” என்று கேட்டுவிட்டார். போனை எடுத்த மாமியார் ரிசீவரை நன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, மகளைத் தனியே கூப்பிட்டு, “ஒண்ணு வந்தாலே ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும். உன் வீட்டுக்காரருக்கு ஆறு இருக்காமேடி, எங்ககிட்ட மறைச்சுட்டாங்களே” என்று அழுதாராம்.

குரல், தாளம், கருவிகள் என்று தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலப்பது மிக்ஸிங். கலந்ததைக் கடைசியாக இன்னொருவர் வேறொரு அறையில் கேட்டு, எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் தரித்து நிற்கும்படி பதம்பார்த்து அனுப்புவது மாஸ்டரிங். மிக்ஸிங் செய்பவர்கள் மாஸ்டரிங்காரரைத் தங்கள் குழந்தைக்குத் தலைவாரிவிடும் பக்கத்து வீட்டுக்காரியாக நினைப்பார்கள். நன்றி உண்டு, நம்பிக்கை கிடையாது.

நம்மவர் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுகிறவராக ஆரம்பித்தவர். ‘ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமலேயே மூன்று வருடம் எல்லா மேடையிலும் முதல் பேச்சாளராக இருந்திருக்கிறார். அங்கிருந்து ஸ்டூடியோவில் கேபிள் சுருட்டுவதற்கு வந்து, கேபிளிலிருந்து ஒலி கலக்கும் கன்ஸோலுக்கு நகர்ந்து, நாற்பது வயதில் சொந்த அறை போட்டார். காது அபாரமானது. விருந்துக்குப் போன வீட்டில், “உங்க ஃப்ரிட்ஜ் அரை சுருதி எறங்கி உறுமுது” என்பார். வீட்டுக்காரர்கள் மரியாதைக்காக ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவார்கள். அவர் கிளம்பிப்போன பிறகு போட மறந்து, மறுநாள் பால் திரிந்திருக்கும்.

‘மாஸ்டரிங்குக்கு அனுப்பும் முன்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய பதினொரு விதிகள் அவருடைய சுவரிலும் இன்னும் பல சுவர்களிலும் தொங்கின. ஆறு டி.பி. காலி இடம் விடு. எல்லாச் சத்தமும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் சேனலில் சத்தத்தை அழுத்தும் எதையும் வைக்காதே. பாட்டின் வாலை வெட்டாதே; கடைசி அதிர்வு அடங்கி இரண்டு விநாடி கழித்து நிறுத்து. கோப்புக்கு ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்காதே, எதுவும் ஃபைனல் இல்லை. இப்படிப் போகும். தொழில்காரர்களின் போன் குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் வணக்கத்துக்கு முன்பே இந்தப் பட்டியல்தான் போய்ச்சேரும்.

ஒரு நாள் காலையில் அவருக்கு ஒரு போன் வந்தது. பத்துப் பாட்டு அனுப்பியிருந்தார், புதிதாக மாஸ்டரிங் ஆரம்பித்திருந்த ஒரு பெண்ணுக்கு. அந்தப் பெண் வேறு ஊரிலிருந்து வந்தவள். அவர் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“சார், ஒரு சின்ன சந்தேகம்.”

“சொல்லும்மா. காலி இடம் பத்தலையா?”

“அது தாராளமா இருக்கு சார். ஆனா தொண்ணூறு ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு. ஏழு டி.பி. ஆழம்.”

“அது என் ஸ்டைலும்மா. கீழ் சத்தத்தை நான் எப்பவும் கொஞ்சம் சுத்தமா வெச்சுப்பேன்.”

“சுத்தம்னா சரி சார். பத்து பாட்டுலயும் அதே இடம், அதே ஆழம், அதே அகலம். அச்சுல வார்த்த மாதிரி. அந்த ஏழாவது பாட்டு இருக்கில்ல, வெறும் குரலும் புல்லாங்குழலும்? அதுல அந்த எடத்துல சுத்தம் பண்ண ஒண்ணுமே இல்ல சார். பாடுறப்ப ஏசி ஓடிருக்கு, அந்த உறுமல் மட்டும் லேசா கேக்குது. அந்த உறுமல்லயும் பள்ளம் இருக்கு.”

அவர் திரையில் ஏழாவது பாட்டைத் தேடினார். அவளே தொடர்ந்தாள்.

“மாஸ்டர் சேனல்ல ரூம் கரெக்‌ஷன் ஏதாவது ஆன்லயே விட்டுட்டீங்களா சார்?”

“சேச்சே, அதெல்லாம் இருக்காது” என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். மாஸ்டர் சேனலின் கடைசிக் கட்டத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டரை வருடமாக எரிந்து எரிந்து, சொந்த மூக்கைப் போலக் கண்ணுக்குப் படாமலே போய்விட்ட விளக்கு.

அவருடைய அறையில் ஒரு கோளாறு உண்டு. அவர் உட்காரும் நாற்காலியில் கீழ்ச் சத்தம் கும்மென்று திரளும். இப்போதைய அறைக்கு மாறியபோது, அதற்காக ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டார். அறை எங்கே உப்புகிறதோ அங்கே சத்தத்தைக் குறைத்துக் காட்டும்; காதுக்கு நேராகக் கேட்கும். கண்ணில் பவர் உள்ளவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓவியம் வரைவது மாதிரி. வரைவதற்குக் கண்ணாடி வேண்டும்தான். வரைந்ததை அனுப்பும்போது கண்ணாடியைக் கழற்றி ஓவியத்தின் மேல் ஒட்டி அனுப்பக்கூடாது. நம்மவர் ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறார். அவருடைய அறையின் நோய்க்கு, அவர் அனுப்பிய ஒவ்வொரு பாட்டுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்.

“பழைய வெர்ஷன் போயிருக்கும்மா. புதுசா வந்த அசிஸ்டென்ட் மாத்தி அனுப்பிட்டான். இப்பவே சரியானதை அனுப்பறேன்.”

அவருக்கு அசிஸ்டென்ட் என்று ஒரு ஜீவன் கிடையாது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் உயிரோடு வந்து நின்றான், திட்டு வாங்கிக்கொண்டான், மறைந்தான்.

பச்சை விளக்கை அணைத்துவிட்டுப் பத்துப் பாட்டையும் மறுபடி எடுக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டரை வருடத் தப்பைத் திருத்த இருபதே நிமிடம் என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. பெரிய தப்புக்கு ஒரு பெரிய வேலையாவது மிச்சமிருக்க வேண்டாமா?

இந்த இரண்டரை வருடத்தில் யாரும் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப்பார்த்தார். விடை தெரிந்தபோது முகம் சுட்டது. மாஸ்டரிங் செய்தவர்கள் எல்லாம், பெரிய மனுஷன் ருசி போலிருக்கிறது என்று வாயைத் திறக்காமல் பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். அதைவிடக் கேவலம், ‘அவர் மிக்ஸ்ல ஒரு தெளிவு இருக்கும்யா’ என்று பேர் வேறு வந்திருந்தது. இரண்டு மூன்று இளசுகள் அவரைப் பார்த்துத் தங்கள் பாட்டிலும் அதே இடத்தில் வேண்டுமென்றே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பாராட்டுக் கிடைத்தது.

ஒரே ஒருவன்தான் கேட்டிருந்தான். நினைவு அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

அவன் அவருடைய மனைவியின் தம்பி. மாஸ்டரிங் கற்றுக்கொண்டு சொந்தமாக ஆரம்பித்திருந்தான். புது அறையில் அவர் கலந்த முதல் ஆறு பாட்டுகளை, மச்சானாயிற்றே என்று அவனுக்குத்தான் கொடுத்தார். இரண்டாம் நாள் அவன் போன் பண்ணினான். “மாமா, கோவிச்சுக்காதீங்க. மாஸ்டர் சேனல்ல ஏதாவது மறந்து விட்டிருக்கீங்களா? கீழ எதையோ வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் மைக் கட்ட ஆரம்பிச்சுட்டேன்” என்று சொல்லி போனை வைத்தார். கணக்குப்படி அது உண்மையும் அல்ல. இவர் மைக் கட்ட ஆரம்பித்தபோது அவனுக்கு நான்கு வயது.

அவன் முடித்து அனுப்பிய பாட்டுகளை, தன் அறையில், வழக்கமான நாற்காலியை விட்டு, பாடகியோடு ஓரத்து சோபாவில் உட்கார்ந்து போட்டுக் கேட்டார். அறையில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் திரளாத அந்த ஓரத்தில், அவன் நிரப்பி அனுப்பிய கீழ்ச் சத்தத்தை மென்பொருள் மறுபடியும் வழித்து எடுத்தது. மத்தளம் அட்டைப்பெட்டி போலத் தட்டியது. “பாத்தீங்களா? நான் குடுத்ததை அடியோட தின்னுட்டான்” என்றார். பாடகியும் தன் காதாலேயே கேட்டாள், நம்பினாள். வேலை வேறொருவருக்குப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். குழுவில் எழுதினார்: ‘அடித்தளத்தை அரிக்கும் கரையான்களிடம் உங்கள் பாட்டைக் கொடுக்காதீர்கள்.’ பெயர் போடவில்லை. பெயர் போடாததால் எல்லோரும் விசாரித்தார்கள். விசாரித்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. அவனுக்குக் கரையான் என்று பெயர் விழுந்தது. பாட்டு வருவது நின்றது. அக்கா வீட்டுக்கு அவனும், தம்பி வீட்டுக்கு அக்காவும் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் தம்பியிடம் போனில் பேசுவதைக்கூட மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசினாள். இவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதையே பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்.

பழைய வன்தட்டைத் தேடி எடுத்தார். மச்சான் அனுப்பியிருந்த ஆறு பாட்டும் அதில் அப்படியே இருந்தன. அவற்றைத் தன் அறையில் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். அன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. சமையலறையில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த அவளுடைய சின்ன ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டார். மத்தளம் உருண்டு வந்தது. வாரி எடுத்த பள்ளத்தை அவன் பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தான்; முழுதும் நிரப்ப முடியாத இடத்தில், இல்லாதது தெரியாதபடி பக்கத்துச் சத்தங்களை நகர்த்தி உட்காரவைத்திருந்தான். அவருடைய அபாரமான காதுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. வேறு யாருக்காவது அந்தக் காது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“நல்லாருக்கே. யாரு பண்ணது?” என்றாள்.

“உன் தம்பி.”

கத்தி நின்றது. “அடியோட தின்னுட்டான்னு சொன்ன பாட்டா?”

“ம்.”

“தின்ன மாதிரி தெரியலையே.”

“தின்னது நான்.”

சொன்னார். கண்ணாடி உவமையெல்லாம் போட்டு, அறையின் அளவுகளோடு, விளக்கமாகச் சொன்னார். அவள் பாதியிலேயே கை காட்டி நிறுத்தினாள்.

“எனக்கு ஹெர்ட்ஸ் எல்லாம் வேணாம். அவன் அப்பவே கேட்டானா, இல்லையா?”

“கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்கப் போனார்.

“எங்க லேப்ல ரெண்டு பேர் ரத்தம் மாறிப்போச்சுன்னா முதல்ல போன் பண்ணுவோம். அப்புறம்தான் உக்காந்து வெக்கப்படுவோம். நீங்க என்னடான்னா முதல்ல வெக்கப்பட்டுட்டு, அப்புறம் பாக்கலாம்னு உக்காந்திருக்கீங்க. கிளம்புங்க.”

“நீயும் வாயேன்.”

“நான் எதுக்கு? நானா பச்சை லைட்ட எரிய விட்டேன்?”

மச்சான் வீடு இரண்டாவது மாடி. படி ஏறும்போது, சொல்ல வேண்டியதை மூன்று விதமாகக் கலந்து பார்த்தார். ஒன்றில் மென்பொருள் முன்னால் நின்றது, இன்னொன்றில் அறை, மூன்றாவதில் தலைவிதி. எதிலும் தன்னைக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வைத்திருந்தார்.

மச்சானின் மனைவி கதவைத் திறந்தாள். “வாங்கண்ணா” என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் அந்தக் குரலில் நாற்காலி எதுவும் இல்லை. உள் அறையில் அவன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். சுவர் முழுக்கப் பழைய போர்வைகள். பதிவு செய்த பாடப்புத்தக வாசிப்பிலிருந்து, வாசித்த ஆசிரியை இழுத்த மூச்சுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். பாட்டு வருவது நின்ற பிறகு அதுதான் அவன் வேலை.

ஹெட்போனைக் கழற்றாமலே, “உக்காருங்க. இந்தப் பாடத்துல இன்னும் பதினாலு மூச்சு இருக்கு” என்றான்.

பதினாலு மூச்சும் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஆரம்பித்தார். “இந்த மாடல் ரூம் கரெக்‌ஷன்ல பாத்தியா மச்சான், அதை அணைக்கற பைபாஸ் பட்டன் ரொம்ப உள்ள தள்ளி வெச்சிருக்கான்...”

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீதியைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் அவன் அவரைச் சொல்லவிட்டான். அவர் கடைசிவரை சொல்லி முடித்தார்.

“எவ்வளவு ஆழம்?”

“ஏழு டி.பி.”

“நான் அஞ்சுன்னு நினைச்சேன்.” நாற்காலியை முழுதாகத் திருப்பி, “நான் கேட்டேன் இல்ல மாமா?” என்றான்.

“கேட்டே.”

“என்ன சொன்னீங்க? நீங்களே சொல்லுங்க.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

“ம், முழுசா.”

முழுசாகச் சொன்னார். தன் குரலில், தன் வாக்கியத்தை, போர்வை மாட்டிய அந்த அறையில் எதிரொலியே இல்லாமல் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

“ஒரு வருஷம் நான் என் காதையே சந்தேகப்பட்டேன். காது டாக்டர்கிட்ட கூடப் போனேன். அவரு உங்களுக்கு நல்லாத்தான் கேக்குதுன்னாரு. அவரையும் நம்பல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை; தகவலாகச் சொன்னான். கோபத்தோடு சொல்லியிருந்தால் இவர் தலையைக் குனிந்து தப்பித்திருப்பார்.

“குழுவுல எழுதிடறேன் மச்சான்.”

“இங்கயே எழுதுங்க. நான் பாக்கறேன்.”

எழுதினார். எழுத எழுத நீண்டது. அவன் போனை வாங்கிப் படித்தான்.

“‘அறையின் ஒலியியல் காரணமாக’ எதுக்கு? அறை என்ன பண்ணுச்சு பாவம்? எடுங்க.”

எடுத்தார்.

“‘நேர்ந்துவிட்டது’ வேணாம். தானா நேரல. ‘செய்தேன்’னு போடுங்க.”

போட்டார்.

“‘யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்’... இதென்ன, யாரோட மனசுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. ‘இரண்டரை வருடமாக என் மிக்ஸ் எல்லாவற்றையும் ரூம் கரெக்‌ஷனை அணைக்காமல் அனுப்பினேன். கீழ்ச் சத்தத்தைத் தின்றது நான். என் மச்சான் அன்றே கண்டுபிடித்துக் கேட்டான், அவனைத் திட்டினேன். கரையான் என்று அவனைச் சொன்னது பொய்.’ ‘என் மச்சான்’ என்பதற்குப் பக்கத்தில் இந்த முறை அவனுடைய பெயரும் இருந்தது.

அனுப்பினார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் படித்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு ஒருவர் கும்பிடும் கை போட்டார். ஒருவர் எழுதினார்: ‘பதினொரு விதில இது இல்லையே அண்ணே.’ புதிதாகச் சேர்ந்த யாரோ கேட்டார்: ‘எந்தக் கரையான்? அது அவரோட கம்பெனி பேர் இல்லையா?’ அதைப் படித்து மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தானும் கலந்துகொள்ளலாமா என்று தெரியாமல் இவர் வாயைத் திறந்து மூடினார்.

“சரி மாமா. எனக்கு வேலை இருக்கு” என்றான். வாசல்வரை வந்தான். “அக்காவ ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க.”

“நானும்...”

“நீங்க கொஞ்ச நாள் போகட்டும்.”

தெருவுக்கு வந்ததும் அந்த மாஸ்டரிங் பெண்ணைக் கூப்பிட்டார். ஒன்றைச் சொன்னவருக்கு இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “அம்மா, அந்த அசிஸ்டென்ட்... அப்படி யாரும் இல்லம்மா.”

“தெரியும் சார். ‘எல்லாத்தையும் நான் ஒருத்தனே செய்வேன்’னு மெயில்லயே பெருமையா போட்டிருந்தீங்களே” என்றாள். “புது ஃபைல் நல்லாருக்கு சார்.” எல்லோருக்கும் தெரிந்திருப்பதை ஒளித்துவைப்பதுதான் தன் தொழிலோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் காரில் கூட்டிப்போனார். அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஐம்பதை நெருங்குகிறவள் அப்படி ஏறுவதை அவர் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வதாகத்தான் பேச்சு. போகவில்லை. கேட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மேலேயிருந்து அக்காவும் தம்பியும் பேசுவது கேட்டது. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் சேர்ந்த பேச்சு. வார்த்தை பிரித்துக் கேட்க முடியவில்லை. பிரித்துக் கேட்க முயன்றதை நினைத்து வெட்கப்பட்டு, கண்ணாடியைப் பாதி ஏற்றினார். நடுவே ஒரு பெரிய சிரிப்பு வந்தது. தன்னைப் பற்றித்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நியாயம்தானே என்றும் தோன்றியது. நியாயமாக இருந்தது என்பதற்காக எரிச்சல் குறையவும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. மச்சான்.

“மாமா, கீழதான் இருக்கீங்களா?”

“இல்ல... ஆமா, இப்பத்தான் இந்தப் பக்கம்...” என்று இழுத்தவர், “உங்க அக்காவ எறக்கிவிட்டதுல இருந்து இங்கதான் இருக்கேன்” என்றார்.

“கேட்டை மறிச்சு நிறுத்தியிருக்கீங்களாம். கீழ் வீட்டுக்காரர் வந்து கத்திட்டுப் போறாரு. வண்டிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க.”

“இதோ. இதோ எடுத்துட்டேன் மச்சான்.”

வண்டியைக் கிளப்பிப் பின்னால் நகர்த்தினார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “இவ்வளவு போதுமா?”

ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. “இன்னும் கொஞ்சம்.”

நகர்த்தினார். “இப்ப?”

“இன்னும்.”

அடுத்த வீட்டு மரம்வரை பின்னால் போய் நிறுத்தினார். அங்கிருந்து பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போனில் அவன் இன்னும் வைக்காமல் இருந்தான். உள்ளே அக்காவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்; ‘மாமாவையும்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தானாக முந்திக்கொண்டு எதுவும் சொல்லிவிடாமல், காத்திருந்தார்.